ஆணிக் கறை

பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் கழற்றிப் போடுகிற உத்தரம், கைமரம், நிலைச் சட்டம் இவற்றிலிருந்து பேனா கடைவது என் தொழில். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது உண்மையிலேயே அந்தக் கட்டடத்து மரம்தானா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. எனக்குள் ஓடுவது வேறொன்று. கடைந்து முடித்த பிறகு இந்தப் பேனாவில் அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது?

ஒரு பேனாவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் சதுரத்தில் 130 மில்லிமீட்டர் நீளத் துண்டு போதும். மெலிந்த பேனா என்றால் நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். முடிந்ததும் ஓரங்களில் குழாய்க்கு மேல் மிஞ்சும் மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வாய்ச்சி செதுக்கிய தழும்பு, விளக்குப் புகை, கை பட்டுப் பட்டு வந்த வழவழப்பு என்று அங்கே இருந்தவர்கள் பார்த்ததும் தொட்டதும் மேற்புறத்தை மட்டும்தான். அது அறுக்கும்போதே போய்விடும். கடைசியில் நம் கைக்கு வருவது அவர்களில் யாருமே பார்த்திராத உள்மரம்.

அதனால்தான் ஆணி இருந்த இடத்தைத் தேடி எடுக்கிறேன். ஓக் போலத் துவர்ப்பு மிகுந்த மரத்தில் இரும்பு ஆணி இறங்கி, ஈரமும் சேர்ந்தால், இரும்பும் துவர்ப்பும் கலந்து கருநீலக் கறை உண்டாகும். அது ரேகையின் போக்கிலேயே உள்ளே ஊறிப் பரவும். எவ்வளவு கடைந்தாலும் கூடவே வரும். துவர்ப்பு மிகுந்த மாசிக்காயையும், அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதில் நடப்பதும் இதே வேதிவினைதான். பேனாவாகும் முன்பே மரம் தனக்கு வேண்டிய மையைத் தயார் செய்து வைத்திருக்கிறது!

வேலை சுலபமில்லை. ஆணியைச் சுற்றியுள்ள மரம் நொறுங்கத் தயாராக இருக்கும். நீர் போன்ற சயனோ பசையை (சூப்பர் குளூ வகை) ஊற வைத்து, காய்ந்த பிறகுதான் உளி வைக்க முடியும். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணித் துண்டு ரம்பத்தின் பல்லை எடுத்துவிடும். முதலில் காந்தம் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய தேக்கில் தொல்லை வேறு மாதிரி. எண்ணெய்ப் பசை இருப்பதால் அசிட்டோனால் துடைத்த பிறகே குழாய் ஒட்டும், அதிலுள்ள சிலிக்கா உளியின் முனையை மழுக்கும். பெயின்ட் அடித்த மரமென்றால் உப்புத்தாளே தொடக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அமெரிக்காவில் வீட்டு பெயின்டில் அதைத் தடை செய்ததே 1978-இல்தான். தூசி பறக்காமல் அந்தப் பக்கத்தை நனைத்துச் சீவி அப்புறப்படுத்திவிடுவேன்.

சரி, அந்த முதல் கேள்விக்கு வருவோம். வெறும் பேனாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல வரிசையை ஒப்பிட்டு அதன் காலத்தைக் கணிக்கலாம்தான். ஆனால் அதற்குத் தொடர்ச்சியாகப் பல பத்து வளையங்கள் வேண்டும், பேனாவில் அத்தனை ஏது? போதாததற்கு, பழைய கட்டடத்தில் இருக்கிற மரமெல்லாம் பழையது என்றும் இல்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக் கூரை 1390-களில் அமைந்தது. வண்டு அரித்ததால் 1914 முதல் 1923 வரை பழுது பார்த்தார்கள். இன்று அந்த மண்டபத்து மரம் என்று ஒருவர் நீட்டினால், எந்தக் காலத்துத் துண்டு என்று கேட்டாக வேண்டும். வெள்ளை மாளிகையின் உட்புறத்தை அமெரிக்க அதிபர் ட்ரூமன் காலத்தில் பிரித்துக் கட்டியபோது, பழைய மரத்தையும் செங்கல்லையும் நினைவுப் பொருளாக விற்றவர்கள் கூடவே ஒரு சின்ன உலோகத் தகடும் கொடுத்தார்கள். புத்திசாலிகள். தகடு இல்லாவிட்டால் அது வெறும் பைன் கட்டைதானே.

நானும் கழற்றும் இடத்துக்கே போய், எந்தச் சுவர், எந்த உத்தரம் என்று மரத்தின் மேலேயே எழுதிப் படம் எடுத்துக்கொள்கிறேன். பேனாவோடு அந்தப் படமும், கடையாத ஒரு சில்லும் போகும். எந்த ஆண்டு மரம் என்று தெரியாவிட்டால் அட்டையில் ஆண்டு போடுவதில்லை. விற்பனை குறைகிறது, உண்மைதான்.

கறை இல்லாத துண்டு கேட்பவர்களுக்கும் கடைந்து தருகிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். சிலர் மனம் மாறுவார்கள். மற்றவர்கள், "அழுக்கு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சுத்தமானதைத்தான் எடுத்துப் போகிறார்கள்.