பிளக் இல்லாமல் கீபோர்டு: பவர் பேங்கோடு ஆறு வாரம்

முதல் வாரம்

மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பிளக் பாயின்ட் கீழ்த் தளத்தில்தான் இருக்கிறது. படிக்கட்டு வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்தும் பார்த்தாயிற்று. யாராவது தடுக்கி விழுவார்களோ என்று பாதி மனசு ஒயரிலேயே கிடக்கும், வாசிப்பில் லயிக்கவே முடியாது.

என்னிடம் இருப்பவை மூன்று: 12 வோல்ட்டில் ஓடும் 61 கட்டை கீபோர்டு, 9 வோல்ட் சின்ன சிந்தசைசர், யூஎஸ்பியில் 5 வோல்ட் வாங்கும் உள்ளங்கை அளவு டிரம் மெஷின். கீபோர்டின் அடியில் ஆறு பேட்டரி போட இடம் உண்டு. ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளைப் போட்டுப் பார்த்தேன். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் தருபவை. ஆறும் சேர்ந்தால் 7.2 வோல்ட். சாதாரண பேட்டரி என்றால் 9 வோல்ட் கிடைக்கும். சத்தத்தைக் கூட்டி இடது கையில் கனமான ஸ்வரத்தை அழுத்தினால் கீபோர்டு அணைந்து மறுபடி எழுந்தது. சரி, பவர் பேங்க்தான் வழி என்று முடிவு செய்தேன்.

எதையும் வாங்கும் முன் அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. அடாப்டரில் 1.5 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்து மலைத்திருந்தேன். ஆனால் அது அடாப்டரால் தர முடிந்த உச்சம், கீபோர்டு எப்போதும் அவ்வளவு இழுப்பதில்லை. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்தபோது சும்மா இருக்கையில் 0.25 ஆம்பியர், வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் 0.4, முழுச் சத்தத்தில் இரண்டு கையாலும் கார்டு அழுத்தினால் 0.8. அதாவது சராசரியாக 5 வாட்டுக்கும் குறைவு.

பவர் பேங்க் மேல் போட்டிருக்கும் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 74 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வீணாகும். அப்படியும் ஒரு மாலைக்குத் தாராளமாகப் போதும். சக்தி ஒரு பிரச்சினையே இல்லை என்று அன்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

இரண்டாம் வாரம்

டைப்-சி வழியில் பவர் டெலிவரி உள்ள பேங்க் என்றால், கருவி கேட்கும் வோல்ட்டை அது தரும். கேட்பதற்கு ‘டிரிக்கர் போர்டு’ என்று கட்டைவிரல் நகம் அளவில் ஒன்று கிடைக்கிறது. 12 வோல்ட்டுக்கு வைத்துச் செருகினேன். கீபோர்டின் விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் வாசித்த பிறகு, முன்பு போலவே கனமான ஸ்வரத்தில் திரை மங்கியது, ஒலி உடைந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 9 வோல்ட்!

பவர் டெலிவரியின் நிலையான படிகள் 5, 9, 15, 20. 12 வோல்ட் இப்போதைய விதிப்படி கட்டாயம் இல்லை. சில பேங்க் தரும், சில தராது. தராத பேங்கிடம் 12 கேட்டால் டிரிக்கர் போர்டு சத்தமில்லாமல் கீழ்ப் படிக்கு இறங்கிவிடுகிறது. பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் வெளியீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் 12 இருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம்

இந்த வாரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 15 வோல்ட் கேட்டு வாங்கி, வோல்ட்டைக் குறைத்து 12-இல் நிலையாக வைக்கும் 7812 என்ற பழைய மூன்று கால் ரெகுலேட்டர் வழியாக 12 ஆக்கினேன். அந்த ஐசி ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிட 2 வோல்ட்டாவது அதிகம் இருக்க வேண்டும். இங்கே 3 இருக்கிறது. நுழையும் பக்கம் 0.33 மைக்ரோஃபாரட், வெளிவரும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட், இரண்டு கெபாசிட்டரையும் காலுக்கு ஒட்டியே பற்றவைத்தேன்.

மிச்சமாகும் 3 வோல்ட் முழுவதும் சூடாகத்தான் போகும். 0.4 ஆம்பியரில் அது 1.2 வாட். கேட்க அற்பமாக இருக்கும். ஹீட் சிங்க் போடாமல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டேன், விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அலுமினியத் துண்டு ஒன்றைத் திருகி மாட்டியதும் வெதுவெதுப்போடு நின்றது. ஐந்தில் ஒரு பங்கு சக்தி இப்படி வீணாகிறதே என்று கேட்கலாம். வீண்தான். ஆனால் இதற்குக் கிடைத்தது இரண்டு. பேங்கிலிருந்து வரும் கரகரப்பில் பெரும்பகுதியை ரெகுலேட்டரே விழுங்கிவிடுகிறது. அப்புறம், டிரிக்கர் போர்டு குழம்பிப்போய் 20 வோல்ட் அனுப்பினாலும் 7812 தாங்கும், கீபோர்டுக்கு 12 மட்டுமே போகும். பட்டனை அழுத்தி அழுத்தி வோல்ட்டை மாற்றும் வகை டிரிக்கர் போர்டை நான் இசைக்கருவிக்கு நேராக மாட்டவே மாட்டேன். பையில் ஏதாவது இடித்தாலே படி மாறிவிடும். வோல்ட்டைப் பற்றவைத்து நிரந்தரமாக்கும் வகைதான் சரி.

கருவியில் செருகும் பவர் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது ஒவ்வொரு கருவிக்கும் மாறும். யமஹா கீபோர்டுகளில் நடுவில் பிளஸ். பாஸ் (Boss) நிறுவனத்தின் கிட்டார் பெடல்களிலும் அந்த வழியில் வந்த மற்றவற்றிலும் நடுவில் மைனஸ். கோர்க் வோல்கா என்ற சின்ன சிந்தசைசர்களுக்கு நடுவில் பிளஸ், பின்னும் சற்று ஒல்லி. அடாப்டரின் மேல் இருக்கும் சின்ன வட்டப் படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் நடுவில் வைத்து, திரையில் கழித்தல் குறி வராததை உறுதி செய்த பிறகுதான் எதையும் செருகுகிறேன்.

நான்காம் வாரம்

சிந்தசைசருக்கு 5 வோல்ட்டை 9 ஆக்கும் கேபிள் ஒன்று. அதே பேங்கின் இன்னொரு வாயில் செருகி, ஹெட்போனில் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அதன் ஒலியைக் கீபோர்டின் ஆக்ஸ் இன்னில் (வெளி ஒலியை வாங்கும் துளை) கொடுத்த மாத்திரத்தில் கொசு காதோரம் பறப்பது போல ஒரு ரீங்காரம். கூர்ந்து கேட்டால் அதற்குள் இன்னொன்று: சிந்தசைசரில் பதினாறு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வர, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிக்’. எந்த ஒலியையும் வாசிக்காமலே தாளம் கேட்கிறது.

ஆடியோ கேபிளைப் பிடுங்கினால் சத்தம் போகிறது. கேபிளை விட்டுவிட்டு சிந்தசைசரை மட்டும் வேறு பேங்குக்கு மாற்றினாலும் போகிறது. அப்போது புரிந்தது. ஒரே பேங்கில் இருந்தால் இரண்டு கருவிக்கும் மைனஸ் பவர் ஒயர் வழியாக ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஆடியோ கேபிளின் கிரவுண்ட் இரண்டாம் தடவை சேர்த்து ஒரு வளையத்தை மூடிவிடுகிறது. விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு ஆடியோ ஒயர் வழியாகத் திரும்புகிறது, அதைத்தான் கேட்கிறோம். ஆடியோ பாதையில் ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் பார்த்தேன். ரீங்காரம் போனது, கூடவே அடிப்பகுதி ஒலியும் கொஞ்சம் மெலிந்தது. மனசு ஒப்பவில்லை. கருவிக்கு ஒரு பேங்க் என்று வைத்துக்கொண்டேன்.

டிரம் மெஷினுக்குத் தனியாக 5,000 மில்லி ஆம்பியர் மணி பழைய பேங்க். அது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்தது. டிரம் மெஷின் இழுப்பது 40 மில்லி ஆம்பியர்தான், பேங்க் ‘போன் சார்ஜ் ஆகிவிட்டது’ என்று நினைத்து மூடிக்கொள்கிறது. சில பேங்குகளில் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கான முறைக்குப் போகும். இதில் அது இல்லை. 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன். கூடுதலாக 106 மில்லி ஆம்பியர், அரை வாட்டுக்குச் சற்று மேல். அதனால் 2 வாட் தாங்கும் ரெசிஸ்டர். அதன் பிறகு அணையவே இல்லை. நான் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. அதுவரை மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த ‘ர்ர்ர்’ ஒலி மறைந்தது. சுமை ரொம்பக் குறைந்தால் வோல்ட்டை ஏற்றும் சுற்று விட்டுவிட்டு வேலை செய்யும், அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும் அலைவரிசைக்குள் விழும். சுமை ஏறியதும் அது மேலே போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாம் வாரம்

புதிதாகக் கட்டிய மெட்டைக் கீபோர்டிலேயே பதிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், பேங்கின் காலி வாயில் தன் போனைச் செருகினார். கீபோர்டு அணைந்து மறுபடி எழுந்தது. மூன்று நிமிட மெட்டு போயிற்று. இன்னும் அது எனக்கு முழுசாகத் திரும்ப வரவில்லை.

இரண்டாவது கருவி சேர்ந்ததும் பேங்க் யாருக்கு எவ்வளவு என்று புதிதாகப் பங்கு போடுகிறது. அதற்காக எல்லா வாயையும் ஒரு கணம் நிறுத்துகிறது. பெரிய கெபாசிட்டர் போட்டுத் தாண்டலாமா என்று கணக்குப் போட்டேன். 1,000 மைக்ரோஃபாரட் வைத்தால், 0.4 ஆம்பியரில் 1 வோல்ட் குறைய 2.5 மில்லி வினாடி போதும். ரெகுலேட்டருக்கு இருக்கும் உபரியே அந்த 1 வோல்ட்தான். ஆகாது. காலி வாயின் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

ஆறாம் வாரம்

நேற்று மாலை மூன்றும் மாடியில். பேங்குகளை வெயில் படாமல் கீபோர்டு ஸ்டாண்டின் நிழலில் வைத்தேன். மூன்றே முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டுப் பார்த்தால் பெரிய பேங்கில் நான்கு விளக்கில் மூன்று இன்னும் எரிந்தன. ரெகுலேட்டரின் நஷ்டத்தையும் கழித்தால் 74-இல் 52 வாட்-மணி மிஞ்சும், சுமார் பத்து மணி நேரம் என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். ஒத்துப்போகிறது.

கிட்டார் வாசிக்கும் நண்பர் அடுத்த வாரம் தன் பெடலோடு வருகிறார். 9 வோல்ட், நடுவில் மைனஸ். அதற்கான கேபிளை இன்று பற்றவைத்து, கீபோர்டு கேபிளோடு குழம்பாமல் இருக்க முனையில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். நான்காவது பேங்க் ஒன்று தேவைப்படும்.