லேக் ஷோர் வீதியைக் கடக்கக் கேட்ட வினாடிகள்

ரொறன்ரோவில் சென்ற் லோரன்ஸ் சந்தையிலிருந்து ஏரிக்கரையிலுள்ள சுகர் பீச்சுக்கு நான் பத்து நிமிடங்களில் நடந்துவிடுவேன். வாக்கர் பிடித்து நடக்கும் என் அம்மாவோ, ரயில் பாதைக்கு அடியிலுள்ள இருண்ட வழியையும், கார்டினர் மேம்பாலத்தின் கீழே அகன்று கிடக்கும் லேக் ஷோர் வீதியையும் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். முன்பு வாகனத் தரிப்பிடமாக இருந்த சுகர் பீச் 2010இல் பூங்காவானது. 1959 முதல் அருகில் இயங்கும் ரெட்பாத் ஆலைக்குக் கப்பலில் வந்திறங்கும் சீனியின் மணம் அங்கே இன்றும் வீசுகிறது. அந்த மணம் அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு மாலை நாங்கள் நடுத்திட்டை எட்டியபோதே, நடப்போரை நிற்கச் சொல்லும் கை விளக்கு எரிந்துவிட்டது. இருபுறமும் வாகனங்கள் விரைய, அம்மா வாக்கரின் பிரேக்கை இறுகப் பிடித்தபடி மேம்பாலத் தூணருகே அடுத்த முறை வரை நின்றார். மறுநாள் நகரசபையின் முறைப்பாட்டு எண்ணான 311ஐ அழைத்து முறையிட்டேன். கோரிக்கை எண்ணும், பின்னர் விளக்கு சரியாகவே இயங்குகிறது என்ற பதிலும் கிடைத்தன. அது உண்மைதான். விளக்கில் பழுது இருக்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு.

கடப்பதற்கான நேரத்தை, வீதியின் அகலத்தை ஓர் உத்தேச நடைவேகத்தால் வகுத்தே கணிக்கிறார்கள் என்றும், வட அமெரிக்காவில் நெடுங்காலம் அதற்கு வினாடிக்கு 1.2 மீற்றர் என்ற வேகத்தையே கொண்டார்கள் என்றும் பிறகுதான் அறிந்தேன். எங்கள் மாடிக் கட்டடத்தின் நடைகூடத்தில் அளவுநாடாவை விரித்து அம்மாவை நடக்கச் சொன்னேன். 10 மீற்றருக்கு 17 வினாடிகள் எடுத்தன; அதாவது அந்தக் கணக்கில் பாதி வேகம்.

இந்த ஓர் எண்ணை முன்வைத்து எங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கு எழுதினேன். நகரசபைக் குழுக் கூட்டத்தில் பேசவும் பெயரைப் பதிந்தேன். பேசுவதற்கு 5 நிமிடங்களே தருவார்கள் என்பதால், ஏரிக்கரையின் வரலாற்றையெல்லாம் விட்டுவிட்டு, நேரத்தைக் கூட்டுவது, ரயில் பாதைக்கு அடியில் வெளிச்சம் போடுவது ஆகிய இரண்டை மட்டும் கேட்டேன். இதே வழியில் இறங்குவோருக்கு என் யோசனை, படத்தையும் அளவையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள் என்பதே.

சில வாரங்களில் நகரசபையிலிருந்து இருவர் நேரில் வந்தார்கள். அம்மா முன்னே நடக்க, அவர்கள் கடிகாரத்துடன் பின்னே நடந்து, நடுத்திட்டில் அவருடன் சேர்ந்து நின்றார்கள். அதன்பின் நேரம் கூட்டப்பட்டது. இப்போது அம்மா ஒரே முறையில் கடந்துவிடுகிறார். வெளிச்சத்துக்கான கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கும் பெயரைப் பதிந்துவிட்டேன்.