கோழிக்கூட்டுக் கதவும் 200 மில்லி ஆம்பியரும்

ஐப்பசி மழையில் கூட்டுக் கதவின் பிளைவுட் ஊறிப் பருத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்து மூட வேண்டிய கதவு, பாதியில் சிக்கிக்கொண்டது. காலையில் பார்த்தால் பேட்டரி காலி, அம்மாவின் கருப்புப் பெட்டையைக் காணோம். வாசலில் இறகுகள் மட்டும். மரநாயின் வேலை.

அந்தக் கதவைச் செய்தவன் நான். 6 வோல்ட், 1 வாட் சோலார் பேனல், பழைய பவர் பேங்கிலிருந்து எடுத்த ஒரு லித்தியம் செல், கட்டைவிரல் அளவு கியர் மோட்டார், கதவை இயக்கும் நிரலை ஓட்ட ஆர்டுயினோ புரோ மினி என்ற சிறு கணினிப் பலகை. மோட்டார் ஒரு நாளைக்கு ஓடுவதே 20 வினாடிதான். ஒரு மில்லி ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கணக்கில் விட்டது, நின்றுபோன மோட்டாரை. சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். மின்னோட்டத்தை அடக்கி வைப்பது அதுதான். சிக்கி நின்றால் அது இல்லை, மிஞ்சுவது வெறும் செப்புச் சுருள். என் மோட்டாரின் சுருள் 5 ஓம். செல்லும் வயரும் சேர்ந்து இன்னொரு ஒன்றரை ஓம். கதவைக் கையால் அழுத்திப் பிடித்து அளந்தேன்: வழக்கமாக 70 மில்லி ஆம்பியர் எடுப்பது 570-க்கு ஏறியது, செல்லின் 3.7 வோல்ட் 2.85-க்கு இறங்கியது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைத் தாண்டி ஆர்டுயினோவுக்குப் போவது 2.7 அளவில். அங்கே அது ரீசெட் ஆகிவிடும். எழுந்ததும் 'இருட்டு, கதவு மூடவில்லை' என்று பார்த்து மறுபடி மோட்டாரை ஓட்டும். மறுபடி ரீசெட். செல் தீரும்வரை இதேதான் நடந்திருக்கிறது.

முதலில் மோட்டாரோடு தொடராக 5 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ரீசெட் நின்றது, ஆனால் சற்றே பாரம் கூடினாலும் கதவு தளர்ந்தது. பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தேன். தொடக்க இழுப்புக்கு நல்ல வழி. நடுவழியில் சிக்கினால் உதவாது.

சரியான விடை, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் சிப்பிலேயே இருந்தது. டிஆர்வி8833 என்ற அந்தச் சிப்பில், மின்னோட்டத்தை அளக்கும் உணர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்தால், அதன்மேல் 200 மில்லி வோல்ட் விழும்போது சிப்பே மின்னோட்டத்தை வெட்டும். 1 ஓம் வைத்தால் எல்லை 200 மில்லி ஆம்பியர். விலை குறைந்த பல போர்டுகளில் அந்தக் காலை நேராகக் கிரவுண்டில் சேர்த்திருப்பார்கள். தடத்தைக் கத்தியால் வெட்டித்தான் ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். இப்போது கதவு சிக்கினாலும் செல் 3.4-க்குக் கீழே போவதில்லை. 15 வினாடிக்குள் கதவு மூடாவிட்டால் மோட்டாரை நிறுத்திப் பஸ்ஸரை அலறவிடுகிறது நிரல். பலகையையும் இழைத்து வார்னிஷ் அடித்தாயிற்று.

அம்மாவுக்கு வேறு கவலை. "கதவு மூடுறப்ப கோழி கழுத்து மாட்டிக்கிட்டா என்னடா பண்ணுவ?" என்றார். மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தின் அளவுக்குத்தான் வரும். மின்னோட்டத்துக்கு எல்லை வைத்தால் கதவின் பலத்துக்கும் எல்லை வைத்ததாகிறது. நன்கு பழுத்த தக்காளி ஒன்றை நிலையோரம் வைத்து மூடிக் காட்டினேன். கதவு வந்து முட்டி நின்றது. தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் கிழியவில்லை. அன்று மாலை ரசத்துக்கு அதைத்தான் கரைத்தார்.