ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது வரை நின்றபடிதான். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒரு நரம்பு புடைத்து நெளிய ஆரம்பித்தது, நரம்பு சுருட்டல் என்பார்களே, அதுதான். இரண்டு கணுக்காலைச் சுற்றியும் சிவப்பும் ஊதாவுமாகச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். சாயங்காலம் ஆனால் கால் கல்லாகக் கனக்கும். கொலுசு கிடக்கும் இடத்தில் பள்ளம் விழும். ராத்திரி கெண்டைச்சதை இழுத்துப் பிடித்துத் தூக்கம் கலையும்.

இதை அசட்டையாக விடக்கூடாது என்று எனக்குப் பட்டதற்குக் காரணம் அம்மா. திருவிடைமருதூர்ப் பக்கம் நடவு, களை என்று சேற்றில் நின்றவர். அவர் காலிலும் இதே நெளிவு. கடைசியில் உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, புண்ணாகி இரண்டு வருஷம் ஆறவே இல்லை. எல்லோரும் சர்க்கரைப் புண் என்றார்கள். சர்க்கரை பார்த்தால் சரியாக இருந்தது. காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தேங்கியதால் வந்த புண் அது என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நான் முதலில் போனது தப்பான இடத்துக்கு. ஒரு தோல் அழகு கிளினிக். காலைப் பார்த்தார்கள், ஐந்தாறு ஊசி போட்டால் கோடுகள் போய்விடும் என்றார்கள், அன்றைக்கே இடது கணுக்காலில் போட்டும் விட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை தரவில்லை. நாலு மாதத்தில் அதே இடத்தில் புதுக் கோடுகள் வந்தன, கூடவே காப்பிக் கறை மாதிரி ஒரு தழும்பு. சீட்டுப் பணத்தில் கட்டிய காசு அது. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் தஞ்சாவூரில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது டாப்ளர் ஸ்கேன், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன். படுக்கவைத்து அல்ல, நிற்கவைத்து. எடையை மற்றக் காலில் போட்டு நிற்கச் சொல்லி, தொடையில் ஜெல் தடவி, கெண்டைச்சதையை அழுத்தி விட்டார்கள். அழுத்தும்போது ரத்தம் மேலே ஏற வேண்டும், விட்டதும் நின்றுவிட வேண்டும். அரை விநாடிக்கு மேல் கீழே திரும்பி ஓடினால் கசிவு என்று கணக்கு. இடது காலில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததை ஸ்கேன் திரையில் நானே பார்த்தேன்.

நாம் நரம்பு சுருட்டல் என்கிறோம், ஆனால் இது நரம்பே இல்லை. அசுத்த ரத்தத்தை இதயத்துக்கு எடுத்துப் போகும் சிரை. அதற்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கி, சிரை வீங்கி நெளிகிறது. என் இடது காலில் தொடை இடுக்கிலேயே கதவு பழுது. டெல்டாவில் பிறந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைப்பில் மதகு மூடாமல் கிடக்கும்போது கடைமடை வாய்க்காலை அடைத்து என்ன பயன்? அந்தக் கிளினிக்கில் போட்ட ஊசி கடைமடையை அடைத்த ஊசி.

வலது காலில் பெரிய சிரைகள் நன்றாக இருந்தன, மேலே தெரிந்த கோடுகள் மட்டும்தான். அதற்கு ஊசியே போதும் என்றார். இடது காலுக்கு முதலில் லேசரால் பெரிய சிரையை மூடினார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது தீபாவளி முடிந்து. ஆறு வாரம் கழித்து, மார்கழியில், மிச்சம் நெளிந்து கிடந்தவற்றுக்கு ஊசி. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, பட்டுப் பிரிவில் கூட்டம் இல்லை, லீவு கிடைத்தது. வெயிலும் இல்லை. நம் ஊர்ச் சித்திரையில் அந்த இறுக்கமான காலுறையைப் போட்டுக்கொண்டு இருக்க முடியாது. அவசரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால் மாதம் பார்த்துச் செய்யுங்கள்.

ஊசிக்கு முன் நிறையக் கேள்வி கேட்டார்: கர்ப்பமா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா. எதையும் மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் இதைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

மருந்தின் பெயர் பாலிடோகனால். அது சிரையின் உள்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது, பிறகு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துவிடுகிறது. ஒரு குழாயை அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். காலின் ரத்தத்தில் பெரும்பகுதி சதைக்குள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகள் வழியாகத்தான் போகிறது, இது மேலே கிடக்கும் கெட்டுப்போன கிளை என்றார். நெளிந்த சிரைக்கு மருந்தை நுரையாக்கிப் போட்டார்கள். இரண்டு சிரிஞ்சை ஒரு சின்ன இணைப்பில் பொருத்தி, காற்றையும் மருந்தையும் இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளி என் கண் முன்னாலேயே செய்தார். நுரை ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்குமாம். வலது காலின் கோடுகளுக்கு வெறும் திரவம், மயிரிழை மாதிரி ஊசி. குத்துவது எறும்புக் கடிதான். மருந்து இறங்கும்போது லேசான எரிச்சல், ஒரு நிமிஷம் சதை பிடிப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

படுத்திருக்கும்போதே பஞ்சு வைத்துக் கட்டி, காலுறையை மாட்டிவிட்டு, எழுந்து அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்டு படுத்துக்கிடக்கக் கூடாது. நடந்தால்தான் கெண்டைச்சதை பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். காலுறை முதல் இரண்டு நாள் ராத்திரியும் சேர்த்து, பிறகு இரண்டு வாரம் பகலில். ஜோடி மூவாயிரத்துக்குப் பக்கம் ஆனது. கணுக்கால், கெண்டை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். தினமும் விடியலில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தேன். கரையில் உள்ள 16 மண்டபங்களையும் எண்ணிக்கொண்டே மூன்று சுற்று.

முதல் மாதம் கால் முன்பைவிட மோசமாகத் தெரியும். இதை யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருக்கலாம். கன்றிப்போய் நீலம், பச்சை, மஞ்சள். மூன்றாம் வாரம் கெண்டையில் நெல்லிக்கொட்டை அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு, தொட்டால் வலி. பயந்துபோய் ஓடினேன். மூடிய சிரைக்குள் சிக்கிய பழைய ரத்தம் என்று சொல்லி, ஊசியால் சின்னதாகக் குத்திக் கறுப்பு ரத்தத்தைப் பிதுக்கி எடுத்தார். உடனே வலி இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி நல்லெண்ணெய் போட்டு நீவியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. கால் முழுக்கத் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார். ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைவது அபூர்வம்தான், ஆனாலும் நடக்கக் கூடியது.

வலது காலின் கோடுகள் இரண்டு மாதத்தில் மங்கின. இரண்டாவது தடவை ஊசி தேவைப்பட்டது. இடது காலில் நெளிவு போய்விட்டது, ஒரு பழுப்புக் கோடு மட்டும் இன்னும் மறைந்துகொண்டிருக்கிறது. ராத்திரி இழுப்பு வருவதில்லை. ஆனால் புதிதாக வேறு சிரை கெடாது என்று யாரும் உறுதி தர முடியாது, அதுவும் நிற்கும் வேலையில்.

தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எங்கள் பிரிவிலும் ஸ்டூல் வந்தது. ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் மாறும். நான் இப்போது மருத்துவர் சீட்டைக் காட்டிவிட்டு உட்காருகிறேன். மற்றப் பெண்களுக்குச் சீட்டு இல்லாமலே அந்த உரிமை இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டேன்.

எதிர் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு 26 வயசுதான், அதே பச்சை நெளிவு. வியாழக்கிழமை தஞ்சாவூருக்கு ஸ்கேனுக்குப் போகிறாள். துணைக்கு நான் போகிறேன்.