பெல்லட் அடுப்புக்கு வெளிக்காற்று: வால்பாறை வீட்டில் செய்து பார்த்தது

வால்பாறையில் அம்மா குடியிருக்கும் வீட்டின் முன்னறைக்கு நான் செய்து வைத்த பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டுகளை எரிப்பது) சென்ற மார்கழியில் நன்றாகவே எரிந்தது. ஆனால் அடுப்பு பற்றிய அரை மணி நேரத்துக்குள் கதவின் அடியிடுக்கு வழியாக ஊதைக்காற்று புகுந்து, நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மாவின் கணுக்காலைச் சில்லிட வைத்தது. "அடுப்புப் பத்த வெச்சாத்தாங் கண்ணு காலு குளுருது" என்று அவர் சொன்னபோது எனக்கு உடனே விளங்கவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவடியில் பிடித்துப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தபோது நேராக எழுந்த புகை, அடுப்பின் விசிறி ஓடத் தொடங்கியதும் தரையோடு படுத்து அறைக்குள் ஓடியது. அடுப்பு எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்துப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளியது. அந்த இடத்தை நிரப்ப மலைக்குளிர் கதவடியில் வந்துகொண்டிருந்தது.

அடுப்பைக் கோவையில் என் லேத் பட்டறையில் செய்தேன். மேலே பெல்லட் தொட்டி, அதிலிருந்து 8 மி.மீ. தடிமனுள்ள மரத்தூள் பெல்லட்டுகளைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளும் ஆகர் திருகு, அதைச் சுழற்ற நிமிடத்துக்கு 2 சுற்று ஓடும் கியர் மோட்டார், புகையை இழுத்து வெளியேற்றும் ஒரு விசிறி ஆகியவை அதன் உறுப்புகள். விசிறி புகையை இழுப்பதால் எரிஅறைக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் புதிய காற்றை எரிகிண்ணத்தின் துளைகள் வழியாக உள்ளே இழுக்கிறது. விறகடுப்பில் புகைக்கூண்டின் உயரம் செய்யும் வேலையை இங்கே விசிறி செய்கிறது.

எவ்வளவு காற்று என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மரம் முழுவதும் எரியக் குறைந்தது 6 கிலோ காற்று வேண்டும்; பெல்லட் அடுப்பில் சுத்தமாக எரிவதற்கு அதைப்போல் இரு மடங்கு விட வேண்டியிருக்கிறது. வால்பாறை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.05 கிலோதான். மணிக்கு ஒரு கிலோ பெல்லட் எரித்தால் ஏறத்தாழ 11 கன மீட்டர் காற்று செலவாகிறது. எங்கள் முன்னறை 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. அதாவது நாலேகால் மணி நேரத்தில் அந்த அறையின் காற்று முழுவதையும், நான் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றையே, அடுப்பு குடித்துவிடுகிறது.

குளிர் மட்டுமே குறையாக இருந்திருந்தால் சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்துவிட்டு இருந்திருப்பேன். தை மாதத்தில் ஒரு நாள் மாலை சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு அடுப்பை எரியவிட்டிருந்தோம். என் மனைவி சமையலறையில் மிளகாய் வறுத்தவர் நெடி தாங்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். மணிக்குச் சில நூறு கன மீட்டர் காற்றை இழுக்கும் அந்த ஃபேனுக்கு முன்னால் என் அடுப்பின் சின்ன விசிறி எம்மாத்திரம்? தீக்கொழுந்து சுருங்கிச் செம்மஞ்சளாகிப் புகைந்தது. பெல்லட் தொட்டியின் மூடி ஓரத்தில் நூல்போலப் புகை வந்தது. இரண்டு நிமிடத்தில் அம்மாவின் படுக்கையறையில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை மூக்கு காட்டிக்கொடுக்காது. அடுப்பை வைப்பதற்கு முன்பே அலாரத்தை மாட்டியது நான் செய்தவற்றில் மிகச் சரியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். அன்றிரவே வெளிக்காற்றுக் குழாய் போடுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் குழாயை அவசரத்தில் போட்டேன். அடுப்புக்கு அருகில் இருந்த மேற்குச் சுவரில் துளையிடக் கொத்தனாரை அழைத்தபோது அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, குளுருக்குத்தானுங்க அடுப்பு வெச்சிருக்கீங்க, இப்ப செவுத்துல ஓட்டை போடச் சொல்றீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துளை அறைக்குள் திறந்தால் அவர் சொல்வதே சரி. குழாய் அறைக்குள் எங்கும் திறக்காமல் நேரே அடுப்பின் காற்று வாயில் பொருந்த வேண்டும் என்றும், அப்போது அறைக்காற்றும் எரிகாற்றும் ஒன்றையொன்று தொடாது என்றும் விளக்கிய பிறகு உளியை எடுத்தார். ஒன்றரை அடி கனமுள்ள பழைய கருங்கல் சுவர் என்பதால் ஒன்றரை நாள் ஆயிற்று. குழாயை அடுப்புக்கு அருகில் கொண்டுவந்து சும்மா விட்டுவிடும் வழக்கமும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அந்தக் குழாய் அடுப்பைவிடச் சமையலறைக்கே காற்றூட்டும்.

கையிலிருந்த 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை மூன்று வளைவுகளோடு போட்டு, அடுப்பின் காற்று வாயில் இறுக்கினேன். பிவிசி குழாயை இங்கே பயன்படுத்தவே கூடாது. மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்தால் அனலும் தீப்பொறியும் பின்னோக்கி வரக்கூடும். ஊதுபத்திப் புகை கதவடியில் நேராக நின்றது. அம்மாவின் கால் குளிரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாலும் தீ முன்போல் சுருங்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

சித்திரை, வைகாசியில் அடுப்புக்கு வேலையில்லை. ஆனி மாதத்தில் மழை பிடித்தபோது மீண்டும் பற்றவைத்தால், தீ சோம்பலாக எழுந்து கண்ணாடியில் கரி படிந்தது. நல்ல காற்றோட்டத்தில் எரியும் பெல்லட் தீ வெளிர் மஞ்சளாக, குட்டையாக, துடிப்போடு ஆடும். நீண்டு, சிவந்து, நுனியில் கறுத்தால் அது காற்றுக்கு ஏங்குகிறது. வெளியே போய்க் குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் ஆழத்தில் குளவி கட்டிய மண்கூடு, கட்டைவிரல் பருமனில் மூன்று அறைகளாக, குழாயின் பாதியை அடைத்திருந்தது. கம்பியால் நெம்பியபோது அது செங்கல்போல் உதிர்ந்தது. குழாயின் வாயில் கட்டியிருந்த வலையின் கண் 6 மி.மீ. இருந்ததால் எலி நுழையவில்லை, குளவி நுழைந்துவிட்டது. அதைவிடச் சின்னக் கண்ணுள்ள கொசுவலையைக் கட்டினால் ஒரு மாதத்தில் தூசியும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். எனவே வலையை மாற்றாமல், அடுப்பு ஓயும் மாதங்களில் மாட்ட ஒரு தகர மூடி செய்தேன்.

கூட்டை எடுத்த பிறகும் தீ நிலைகொள்ளவில்லை. தென்மேற்குக் காற்று மேற்குச் சுவரில் மோதும்போதெல்லாம் தீ சீறி எழுந்தது, பின்பு படுத்தது. காற்றோடு வந்த சாரல் குழாய்க்குள் இறங்கி அடுப்பின் அடித்தட்டில் துரு ஏற்றியது. அளந்து பார்க்காமல் இனி எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபை எடுத்து ஓர் அழுத்தமானி செய்தேன். அகலமான பாட்டிலில் சாயம் கலந்த நீரை ஊற்றி, அதிலிருந்து டியூபைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் பலகையில் ஒட்டினால், 1 மி.மீ. நீர்மட்ட வேறுபாடு பலகையில் 10 மி.மீ. நகர்வாகத் தெரியும். 1 மி.மீ. நீர் என்பது ஏறத்தாழ 10 பாஸ்கல். என் விசிறி எரிஅறையில் உண்டாக்கும் இழுப்பு 25 பாஸ்கல். அதில் மூன்று வளைவுகளும் ஒடுங்கிய குழாயும் 8 பாஸ்கலை விழுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்று சுவரில் மோதும் இடத்தில் 50 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தரும். காற்று வாய் மேற்கிலும் புகைபோக்கி வடக்கிலும் இருந்தால், ஒவ்வொரு வீச்சிலும் என் விசிறியைப்போல் இரு மடங்கு வலிமையுள்ள இன்னொரு விசிறி அடுப்புக்குள் ஓடி ஓடி நிற்பதற்குச் சமம். அந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோது, ஒரு மாதமாக நான் தீயைத் திருத்தியதெல்லாம் தவறான இடத்தில் என்று தெரிந்தது.

காற்று வாயையும் புகை வாயையும் ஒரே சுவரில் வைத்தால் இரண்டின் மேலும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் விழும்; வித்தியாசம் பெரிதும் நீங்கிவிடும். ஆவணியில் மழை சற்று விட்டபோது வடக்குச் சுவரில் புதுத் துளை போட்டோம். இம்முறை பொள்ளாச்சியிலிருந்து, சுவரை வட்டமாக அறுத்துத் துளையிடும் கோர் கட்டிங் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துக் காப்பதுபோல் கொண்டுபோனேன். ஒன்றரை நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. புகைபோக்கியிலிருந்து பக்கவாட்டில் 4 அடி தள்ளி, அதன் வாயைவிடத் தாழ்வாகத் துளை அமைந்தது. குழாய் 3 அங்குலம். வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு, உள்ளே புகும் நீர் தானாக வெளியேறுவதற்காக. வெளிவாயில் கீழ்நோக்கிய தொப்பியும் அதற்குள் வலையும் உள்ளன. சுவருக்கும் குழாய்க்கும் இடையே கண்ணாடிப்பஞ்சு திணித்து, இருபுறமும் வெப்பம் தாங்கும் சிலிக்கானால் அடைத்தேன். அடுப்பின் பக்கம் ஒரே ஒரு வளைவு, அதுவும் அகன்றது. 3 அங்குலக் குழாயில் காற்று மெதுவாகப் போவதால் ஒரு வளைவில் இழக்கும் அழுத்தம் 2 அங்குலக் குழாயில் இழப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். பலகையில் நீர் 2 மி.மீ.கூட நகரவில்லை. மேற்குத் துளையைக் கல்லும் கலவையும் வைத்து அடைத்துவிட்டோம்.

ஒரு குறை பிறகு தெரிந்தது. முதல் குளிரிரவில் குழாயின் அடிவயிற்றில் வரிசையாக நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. விடியும்போது சுவரின் சுண்ணாம்பு ஒரு முழத்துக்கு ஊறியிருந்தது. வெளிக்காற்றால் குளிர்ந்த இரும்பில் அறையின் ஈரம் படிந்த வியர்வை அது. ஏசிக் குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரையைச் சுவர்ப்பக்கத்தில் சுற்றி, அடுப்பை ஒட்டிய ஓரடிக்கு நுரை உருகும் என்பதால் கண்ணாடிப்பஞ்சு சுற்றினேன். அதன்பின் வியர்க்கவில்லை.

ஐப்பசிக் காற்றில் ஒரு வாரம் உடனிருந்து பார்த்தேன். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் இரைந்துகொண்டிருந்த இரவிலும் தீ குட்டையாக, ஒரே சீராக நின்றது. வாரம் முழுவதும் எரிந்த பிறகும் கண்ணாடியில் மெல்லிய சாம்பல்தான் படிந்திருந்தது. எல்லாச் சன்னல்களையும் அடைத்து, சமையலறை ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு அரை மணி நேரம் அலாரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தேன். எண் பூஜ்யத்திலேயே இருந்தது.

மீதமிருப்பது அந்தத் தகர மூடிதான். அது மாட்டியிருக்கும்போது நான் இல்லாத நாளில் அம்மா மறந்து அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். இப்போதைக்கு மூடியைக் கழற்றினால் அதை அடுப்பின் சுவிட்சுக்கு மேலுள்ள ஆணியில்தான் மாட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆணி காலியாக இருந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. அடுத்த முறை மலையேறும்போது, மூடி குழாயில் இருக்கும்வரை ஆகர் மோட்டாருக்கு மின்சாரமே போகாதபடி ஒரு லிமிட் சுவிட்சைப் பொருத்தப் போகிறேன். அதற்கான கிளாம்பு பட்டறையில் கடைந்து தயாராக இருக்கிறது.