வீணைப் பதிவுக்காக ஓசை அடங்கிய ஒரு கணினி

வீட்டு அறையில் வீணையைப் பதிவு செய்கிறவர்களுக்குக் கணினியின் இரைச்சல் சிறிய தொல்லை அன்று. மீட்டிய சுரம் தேய்ந்து தேய்ந்து அடங்கும் கடைசி நொடிகளில், கமகத்தின் நுட்பம் முழுவதும் குடியிருக்கும் அந்த இடத்தில்தான், விசிறியின் 'உஸ்' ஒலி மேலெழுந்து நிற்கிறது. மிக்ஸிங்கில் அப்பகுதியை 10 டெசிபல் உயர்த்தினால் இரைச்சலும் அதே 10 டெசிபல் உயரும்.

ஆகவே கணினியைத் திட்டமிடும்போது நான் விசிறியைப் பற்றி அல்ல, வெப்பத்தைப் பற்றியே முதலில் யோசிக்கிறேன். 105 வாட் டிடிபி (குளிர்விப்பான் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) உள்ள ரைசன் செயலியைப் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடுக்கு மாற்றி 65 வாட்டுக்கு இறக்கிவிட்டால், வெப்பம் வெகுவாகக் குறைகிறது; சில தடங்களும் ஒரு ரிவெர்பும் (எதிரொலி சேர்க்கும் மென்பொருள்) ஓடும் கச்சேரிப் பதிவில் வேகக் குறைவு தெரிவதே இல்லை. கிராபிக்ஸ் வசதி உள்ளடங்கிய செயலியாக வாங்கினால் தனி கார்டும் அதன் விசிறிகளும் தேவைப்படா.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும். ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். 140 மில்லிமீட்டர் விசிறிகளை மெதுவாகச் சுழலவிடுவதன் பயன் இதுதான். அதைவிட முக்கியம், அந்த வேகம் மாறாதிருப்பது. சீரான இரைச்சலை நாய்ஸ் ரிடக்ஷன் மென்பொருள் ஓரளவு நீக்கித் தரும்; பாட்டின் நடுவே ஏறி இறங்கும் விசிறியிடம் அதன் திறமை செல்லாது. எனவே செயலியின் வெப்பநிலை 65 டிகிரியைத் தொடும் வரை விசிறியின் வேகம் நகராதபடி பயாஸில் அமைத்துவிடுகிறேன்.

சென்னைவாசிகள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பதிவின்போது ஏசியையும் சீலிங் ஃபேனையும் அணைத்துவிடுவதால், சித்திரை வெயிலில் அறை 35 டிகிரியைத் தொட வெகுநேரம் ஆகாது. குளிர்ந்த அறையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரைகளை நம்பிச் செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கைச் சிறியதாக வாங்குவதைவிட, கேபினெட்டில் இடமிருக்கும் அளவுக்குப் பெரியதை வாங்குவதே நல்லது.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், விநாடிக்கு 120 அதிர்வுகளை மேசைக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் கடத்தும். எனவே பதிவுக் கணினியில், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் மட்டும் போதும். விசிறிகள் அடங்கிய பிறகு பவர் சப்ளையிலிருந்தோ மதர்போர்டிலிருந்தோ மெல்லிய கீச்சொலி கேட்டால், அதை எந்த அமைப்பாலும் முழுதாகப் போக்குவது கடினம். வாங்கிய சில நாள்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வதுதான் வழி.

கடைசியாக, முன்பக்க ஒலியையே முதன்மையாக வாங்கும் கார்டியாய்டு வகை மைக் பின்புற ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும் என்பதால், கணினியை அதன் நேர்பின்னால், பதிவுக் கருவியைக் கணினியுடன் இணைக்கும் யுஎஸ்பி 2.0 கேபிளின் 5 மீட்டர் எல்லைக்குள், முடிந்தவரை தள்ளி, மேசைமேல் ஏற்றாமல் ரப்பர் விரிப்பின் மீது தரையில் வைக்கிறேன்.