டௌட்ஸர் வேறு, டௌட்ஸ்தாலிக் வேறு

ஜெர்மன் பேசுபவர்களையெல்லாம் ஜெர்மானியர் என்றே நாம் சொல்லிவிடுகிறோம். டச்சு மொழிக்கு அந்த அவசரம் இல்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ‘டௌட்ஸர்’ என்றால் ஜெர்மனி நாட்டவர். ‘டௌட்ஸ்தாலிக்’ என்றால் ஜெர்மன் மொழி பேசுகிற; ‘தால்’ என்பதே மொழிதான். வியன்னாக்காரரையும் சூரிச்காரரையும் முதல் சொல்லால் அழைத்தால் பிழை, இரண்டாவது சரி. பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில், ஒய்பெனைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் மொழிச் சமூகத்தின் டச்சுப் பெயரில் இருப்பதும் அந்த இரண்டாவது சொல்தான்.

நெதர்லாந்தின் நாட்டுப்பண்ணிலோ, 1533இல் ஜெர்மனியின் டில்லன்பர்க்கில் பிறந்த, நெதர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் ஆரஞ்சு வில்லியம் தன்னை ‘டௌட்ஸ்’, அதாவது ஜெர்மன், குருதியினன் என்கிறார்!

ஜெர்மானியரைக் குறிக்கும் ‘மொஃப்’ என்ற வசைச்சொல்லை மட்டும் தயவுசெய்து பழகாதீர்கள். போர்க்கால ரணம் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘ஓஸ்டர்பியூரன்’ என்று சொல்லலாமே, கிழக்குப் பக்கத்து வீட்டார் என்று.